விழுந்தவனுக்குச் சால்வை

அந்தச் சீட்டைக் கசக்காதீங்க சார். மடிச்சுச் சட்டைப் பையில வைங்க. நானும் மொத நாள் இதே பெஞ்சுல உக்காந்து இப்படித்தான் கசக்கினேன். கசக்கி, அந்தா, அந்த நீலக் கூடையில போட்டேன். எங்க வீட்டுக்காரி உள்ள கையை விட்டு எடுத்து, தொடையில வெச்சு நீவி, மடிச்சு வெச்சுக்கிட்டா. ஆஸ்பத்திரிக் குப்பைக் கூடை சார் அது! அதுக்குள்ள விட்ட கையாலதான் அன்னிக்கு மத்தியானம் எனக்குச் சோறு போட்டா. என்னத்தைச் சொல்றது.

காட்டுங்க, உங்களுக்கு என்ன எழுதியிருக்கு? ஒத்தைக் கால்ல நிக்கறது, பத்து செகண்ட். ஒரு பாதத்துக்கு முன்னால இன்னொரு பாதத்தை ஒட்ட வெச்சு நேர்கோட்டுல நடக்கறது. கை ஊனாம நாற்காலியிலேர்ந்து எந்திரிக்கறது. அதேதான். எனக்கும் மொத சீட்டுல இதேதான். "நான் என்ன கொக்கா"ன்னு உள்ள கேட்டீங்களா? கேட்டிருப்பீங்க, மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. பயிற்சி சொல்லிக்குடுக்கற மெர்லின் பொண்ணு சிரிச்சிருக்குமே? வர்றவங்க எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க. அதுவும் ஒவ்வொரு தடவையும் புதுசாக் கேட்ட மாதிரியே சிரிக்குது. நல்ல பொண்ணு. ஆனா மொத நாள் என்னைத் தாத்தான்னு கூப்பிட்டுச்சு. "இன்னொரு வாட்டி தாத்தான்னா நாளையிலேர்ந்து நான் வரமாட்டேன்"னு சொல்லிட்டேன். அப்பறம் அங்கிள் ஆயிட்டேன்.

அது சாப்பிடப் போயிருக்கு, வர அரைமணி ஆகும். உங்க மருமகளும் மருந்து வாங்க வரிசையில நிக்குது. சும்மாதானே உக்காந்திருக்கோம், சொல்றேன் கேளுங்க. கேட்டுட்டு அப்பறமும் கசக்கணும்னு தோணுச்சுன்னா கசக்குங்க, கூடை எங்கயும் போயிடாது.

என் பேரு பக்கிரிசாமி. டெலிபோன் ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். வயசு அறுபத்தஞ்சு. முப்பத்திநாலு வருஷம் கம்பம் ஏறியிருக்கேன் சார். புயலடிச்ச மறுநாள், கம்பமே சாஞ்சு நிக்கும், அதுல ஏறி ஒரு கையால ஒயரை முறுக்கிக்கிட்டு இன்னொரு கையால பீடி பத்த வெச்சிருக்கேன். ஒரு நாள் விழுந்ததில்ல. அப்பேர்ப்பட்டவன் எங்க விழுந்தேன்னு நினைக்கறீங்க? பேண்ட் போடறப்ப.

சிரிங்க, சிரிங்க. ஆவணி மாசம், காலையில அஞ்சரை. விளையாடப் போறதுக்கு ட்ராக் பேண்ட் மாட்டறேன். வலது கால் உள்ள போயிடுச்சு. இடது கால் கட்டைவிரல் பேண்ட் நாடாவுல மாட்டிக்கிச்சு. ஒத்தைக் கால்லயே தத்தித் தத்தி மூணு தத்து தத்தினேன், நாலாவது தத்துல கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல போய் விழுந்தேன். அடுப்படியிலேர்ந்து வீட்டுக்காரி, தையல்நாயகின்னு பேரு, "என்னத்தைப் போட்டு உடைச்சீங்க?"ன்னு கத்தறா. "என்னைத்தான்டி"ன்னேன். கணுக்கால் எலும்புல கீறல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஊருக்கு நான் சொன்னது வேற. கொல்லையில நல்ல பாம்பு, தாண்டிக் குதிச்சேன்னு சொல்லிவெச்சேன். பேண்ட்டுன்னு சொல்ல முடியுமா சார்? ஆனா பாம்புன்னா ஒரு கஷ்டம் இருக்கு. வந்தவன் எல்லாம் எவ்வளவு நீளம்னு கேப்பான். நான் நாலடின்னுவேன், எங்க வீட்டுக்காரி காப்பி டம்ளரை வெச்சுக்கிட்டே "ஆறடி இருக்கும்ங்க, நாடாவோட சேத்து"ன்னுவா. வந்தவனுக்குப் புரியாது. எனக்குப் புரியும்.

சரி, கால் உடைஞ்சதுக்கு நான் பயப்படலை. எலும்பு ஒட்டும். நான் பயந்தது சால்வைக்கு.

அதைச் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். எங்க ஊர் ரயிலடிக்குப் பின்னால ஒரு மைதானம். தினம் காலையில ஆறு மணிக்கு அங்க பூப்பந்து. ஷட்டில் இல்ல சார், பூப்பந்து, மஞ்சளா உல்லன் நூல்ல சுத்தின பந்து. இந்தப் பக்கம் அஞ்சு பேர், அந்தப் பக்கம் அஞ்சு பேர். வெயில் ஏறுற வரைக்கும் ஆடுவோம். நான் முன்வரிசை. வலையை ஒட்டி நின்னு, வர்ற பந்தைச் செல்லமாத் தொட்டு அந்தப் பக்கம் போட்டுட்டா, பின்னால இருக்கிறவன் ஓடிவந்து மூக்கை மண்ணுல தேச்சாலும் எடுக்க முடியாது. பெருமைக்குச் சொல்லலை. கேட்டுப் பாருங்க எங்க ஊர்ல.

மைதானத்து ஓரத்துல அம்பயருக்கு ஒரு இரும்பு நாற்காலி. உசரமா, ஏணி வெச்சது. காயலான் கடையில இரும்பு பொறுக்கி, நான்தான் பக்கத்துல நின்னு வெல்டிங் வெச்சு வாங்கினேன். எங்க செட்டுல ஒரு வழக்கம் இருக்கு. எவன் விழுந்து எலும்பை உடைச்சுக்கிட்டாலும், கட்டுப் பிரிச்சதும் நாங்க பத்துப் பேரும் சேந்து அவனுக்கு ஒரு சால்வை போத்தி, கழுத்துல விசிலை மாட்டி, அம்பயர் நாற்காலியில ஏத்திவிட்டுருவோம். மரியாதை சார். வயசான காலத்துல மறுபடி விழக் கூடாதுன்னு ஒரு அக்கறை. ஏறினவன் யாரும் இதுவரைக்கும் இறங்கினதில்ல. நேரா மேல போனவங்கதான்.

கடைசியா ஏத்தினது ஜெயசீலனை. ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், என் வயசுதான். நாலு வருஷத்துக்கு முன்னாடி ஆட்டத்துல விழுந்து முட்டி போயிடுச்சு. அவனுக்குச் சால்வை போத்தலாம்னு சொன்னதே நான்தான். பேசினதும் நான்தான். "நம்ம வாத்தியார் இத்தனை நாள் நம்மளோட ஆடினார், இனிமே நம்ம ஆட்டத்தையே ஆளப் போறார்"னு பேசினேன். அத்தனை பேரும் கை தட்டினாங்க. ஜெயசீலனுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. சந்தோஷத்துலதான். அவன் நின்ன முன்வரிசை இடம் காலியாக் கிடந்துச்சு, யாராவது ஒருத்தன் நிக்கணுமில்ல? அதுவரைக்கும் பின்வரிசையில நின்ன நான் முன்னால வந்தேன். மத்தவங்க யாரும் கேக்கலை. கேக்கறதுக்குள்ள நான் போய் நின்னுட்டேன்னும் வெச்சுக்கலாம்.

இப்ப என் கட்டைப் பிரிச்ச மூணாம் நாள், ஐப்பசி மாசம், செட்டோட வந்து நிக்கறான் ரஹமத்துல்லா. அரிசி மண்டி வெச்சிருக்கான், அவன்தான் எங்க கேப்டன். ஒரு கையில ஆப்பிள் பை. இன்னொரு கையில ஜவுளிக்கடைப் பை. உள்ள அரக்குக் கலர் எட்டிப் பாக்குது.

"என்னய்யா அது?"ன்னேன்.

"ஒண்ணுமில்லண்ணே, சும்மா, உங்க உடம்பு தேறினதுக்கு"ன்னு பையைப் பின்னால ஒளிக்கறான்.

"அம்பயரா வாத்தியார் இருக்காரே? ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு அம்பயரா?"

"வாத்தியார் ஸ்கோர் போடட்டும்ணே. கணக்கு வாத்தியார்தானே."

ஜெயசீலன் மூலையில ஸ்டூல்ல உக்காந்திருந்தான். ஆப்பிளைப் பாத்துக்கிட்டு இருந்தான். எனக்குத்தான் வந்துச்சு கோவம். "இந்தக் கால் திரும்பி வரும்யா! அந்த அரக்குத் துணியைக் கொண்டு போய் உன் மண்டி மூட்டைக்குப் போத்து!"ன்னு கத்தினேன். கத்திக்கிட்டே கெத்தா எந்திரிச்சேன் பாருங்க, எந்திரிச்சு ரெண்டு அடி வெச்சதும் தடுமாறி ரஹமத்துல்லா மேலயே சாஞ்சேன். ஆப்பிளெல்லாம் உருண்டு ஓடுது. அவன் என்னைப் பிடிச்சு உக்கார வெச்சுட்டு, "சரிண்ணே. பொங்கல் வரைக்கும் டைம். அதுக்கப்பறம் மைதானத்துல நின்னு காட்டுங்க, ஒத்துக்கறோம்"னான். பையை எடுத்துக்கிட்டுப் போனான். தூக்கிப் போடலை, பத்திரமா எடுத்துக்கிட்டுப் போனான். அதைக் கவனிச்சேன்.

அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது சார். வலி போயிடுச்சு, எலும்பு சேந்துடுச்சு, எக்ஸ்ரேயில சுத்தமா இருக்கு. ஆனா கால் என் கால் மாதிரி இல்ல. தரை எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியலை. குளியலறைப் படி அரையடி உசரம், அதுல இறங்கப் பயம். கம்பம் ஏறினவனுக்கு அரையடிப் படி பயம். யார்கிட்ட சொல்றது? சொல்லலை. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே போனேன், யாராவது பாத்தா சுண்ணாம்பு உரிஞ்சிருக்கான்னு தடவிப் பாக்கற மாதிரி தடவினேன். வீட்டுல சுண்ணாம்பே இல்ல சார், பெயிண்டு.

தையல்நாயகிதான் இங்க இழுத்துக்கிட்டு வந்தா. மெர்லின் பொண்ணு என்னை நிக்க வெச்சு, நடக்க வெச்சுப் பாத்துட்டு, "அங்கிள், எலும்பு சரியாயிடுச்சு. ஆறு வாரம் கட்டுல இருந்ததால பாதம் பேலன்ஸை மறந்துடுச்சு, திரும்பச் சொல்லிக் குடுக்கணும்"னுச்சு. "எதுக்கு சரியாகணும், என்ன பண்ணணும் உங்களுக்கு?"ன்னு கேட்டுச்சு. மத்தவங்க கோயில் போகணும், மார்க்கெட் போகணும்னு சொல்லுவாங்களாம். நான் "முன்வரிசையில நிக்கணும்"னேன். அதுக்கு ஒண்ணும் புரியலை. அப்பறம் பேட்டு, பந்து, வலை எல்லாம் படம் போட்டுக் காட்டினேன். "அப்படின்னா திடீர்னு நிக்கணும், திரும்பணும், குனியணும். அதுக்கேத்த மாதிரி கடைசியில கொண்டு போயிடலாம். மொதல்ல பத்து செகண்ட் நில்லுங்க"ன்னுச்சு.

மூணு செகண்ட் நின்னேன்.

அடுப்படி மேடையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஆரம்பம். நீங்களும் அப்படியே பண்ணுங்க, வீரத்தைக் காட்டாதீங்க. ரெண்டு கை பிடிச்சு ஒரு வாரம். அப்பறம் ஒரு கை. அப்பறம் ஒரு விரல். நேரா ஒரு புள்ளியைப் பாக்கணும், அங்க இங்க கண்ணு போகக் கூடாது. எனக்குப் புள்ளி பெருங்காய டப்பா. நான் டப்பாவைப் பாத்துக்கிட்டு நிப்பேன், பின்னால தையல்நாயகி கோழி பிடிக்கப் போறவ மாதிரி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நிப்பா. குழம்பு ஒரு பக்கம் கொதிக்கும். "ஆச்சா, ஆச்சா"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. ஒரு நாள் "நான் மட்டும் விழுந்தா நீ தாங்குவியா?"ன்னு கேட்டேன். "தாங்க மாட்டேன், உங்களுக்கு அடியில மெத்தையாத்தான் கிடப்பேன், நிமிந்து நில்லுங்க"ன்னா.

இருபது செகண்ட், முப்பது செகண்ட் ஆச்சு. அப்பறம் தலையணை மேல நின்னேன். அது கஷ்டம் சார், இலவம்பஞ்சு காலுக்கடியில நழுவும். அப்பறம் நடந்துக்கிட்டே தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பறது. தெருவுல அதைப் பண்ணப் போய், எதிர்வீட்டு அம்மா தன்னை நான் பாக்கறேன்னு நினைச்சு ஜன்னலைச் சாத்திட்டா. அப்பறம் ஒத்தைக் கால்ல நின்னு பந்து பிடிக்கறது. பூப்பந்தை வீட்டுக்காரி கையில குடுத்துப் போடச் சொன்னேன். முப்பத்தெட்டு வருஷக் கோவத்தையும் சேத்துப் போட்டா.

தரையிலேர்ந்து எந்திரிக்கறதுக்கும் ஒரு பாடம் உண்டு. ஒருக்களிச்சுப் புரண்டு, நாலு கால்ல வந்து, ஒரு பாதத்தை முன்னால ஊனி, முட்டியில கை வெச்சு மேல வரணும். "நான் எதுக்கும்மா விழப் போறேன், எந்திரிக்கறதைக் கத்துக்க?"ன்னேன் மெர்லின்கிட்ட. "எல்லாரும் விழுவாங்க அங்கிள். எந்திரிக்கத் தெரிஞ்சவங்களுக்குப் பயம் குறையும்"னுச்சு. நான் அதை மட்டும் ஒழுங்காப் பண்ணலை.

இந்த மூணு மாசமும் சாயங்காலம் நாலு மணியானா ஜெயசீலன் வந்துடுவான். பாவம், அவனுக்கு வேற வேலை என்ன? மனைவி போயிட்டாங்க, பிள்ளை பெங்களூர்ல. வந்து ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கிட்டு நான் நிக்கறதைப் பாப்பான். கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பான். "கண்ணை மூடிக்கிட்டா எத்தனை செகண்ட் நிக்கச் சொல்லுது அந்தப் பொண்ணு? தலையணை ஒண்ணா ரெண்டா?" ஒரு நாள் சீட்டை வாங்கி போன்ல படம் எடுத்தான். "உனக்கு எதுக்குய்யா இது, ஜம்முனு மேல உக்காந்திருக்கிறவனுக்கு?"ன்னு கேட்டேன். "சும்மாதான் பக்கிரி"ன்னான். கணக்கு வாத்தியார் சார், எதையாவது குறிச்சு வெச்சுக்கிட்டே இருக்கணும், அது ஒரு வியாதி. நான் உற்சாகமாயிட்டேன். எனக்கு ஒரு ரசிகன் கிடைச்சானேன்னு, கேக்காததையும் சேத்துச் சொல்லிக்குடுத்தேன்.

பொங்கல் கழிஞ்ச மொத ஞாயித்துக்கிழமை. எனக்குப் பதிலா ஆடிக்கிட்டிருந்த பேங்க் மேனேஜருக்கு சேலத்துக்கு மாத்தல் வந்துடுச்சு, இடம் காலி. தெய்வமே வழிவிட்ட மாதிரி. புது சாக்ஸ், புது நாடா போட்ட ஷூ, பேண்ட்டைக் கட்டில்ல உக்காந்து மாட்டினேன். போய் மைதானத்துல நிக்கறேன், ரஹமத்துல்லா தலையைச் சொறியறான்.

"அண்ணே, ஒரு சிக்கல். வாத்தியாரும் கேக்கறாரு."

"என்ன கேக்கறாரு?"

"அந்த இடத்தை."

திரும்பிப் பாக்கறேன். ஜெயசீலன் நாற்காலியிலேர்ந்து இறங்கறான். ஏணியைப் பிடிக்காம இறங்கறான் சார்! கால்ல வெள்ளைக் கான்வாஸ் ஷூ, பள்ளிக்கூடத்துல போடற மாதிரி சுண்ணாம்பு பூசி பளபளன்னு. விசிலைக் கழட்டி ரஹமத்துல்லா கையில குடுக்கறான். "யோவ், ரசிகன்னு நினைச்சேனேய்யா!"ன்னு கேட்டேன். "நீதானே பக்கிரி எல்லாம் சொல்லிக்குடுத்தே"ன்னான். சத்தமே இல்லாமச் சொன்னான். எனக்கு மண்டை காஞ்சு போச்சு.

ஒரு இடம், ரெண்டு கிழவன். ரஹமத்துல்லா தீர்ப்பு சொல்லிட்டான். ரெண்டு பேரும் ஒத்தைக் கால்ல நிக்கணும், கை இடுப்புல, எவன் கால் மொதல்ல தரையில படுதோ அவன் மேல போகணும். இன்னொருத்தன் ஆடலாம். நின்னோம் சார். அறுபத்தஞ்சு வயசுல, விடிஞ்சும் விடியாததுமா, ரயிலடி மைதானத்துல. ரயிலுக்கு வந்தவன் பெட்டியைக் கீழ வெச்சுட்டுப் பாக்கறான். பால்காரர் சைக்கிளை நிறுத்திட்டார். ஒரு நாய் வந்து எங்க ரெண்டு பேரையும் மோந்து பாத்துட்டு, கம்பம்னு நினைச்சு என் பக்கத்துல வந்து நின்னுச்சு. அதை யாரோ விரட்டினாங்க, நல்ல வேளை.

ஒரு நிமிஷம். நான் வலைக் கம்பத்து முடிச்சைப் பாத்துக்கிட்டு நிக்கறேன், அதான் என் புள்ளி. ஒண்ணரை நிமிஷம். கல்லு மாதிரி நிக்கறேன். ரெண்டு நிமிஷம் ஆச்சுன்னு ரஹமத்துல்லா சத்தம் போட்டான். பக்கத்துலேர்ந்து மூச்சுச் சத்தம் கூட இல்ல. நிக்கறானா, விழுந்து தொலைச்சானா? பாக்கக் கூடாது, பாக்கக் கூடாதுன்னு மெர்லின் தலைப்பாடா அடிச்சுக்கிட்டிருக்கு. பாத்துட்டேன் சார். கண்ணை மூடிக்கிட்டு நிக்கறான்! கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு நிமிஷம்! என்னால அது பன்னண்டு செகண்டுக்கு மேல முடிஞ்சதில்ல. அடப்பாவின்னு வாயைத் திறந்தேன், கால் தரையில இருந்துச்சு.

நான் அப்படியே விடலை. சண்டை போட்டேன். "இவன் ஆடி நாலு வருஷம் ஆச்சு, இவன் முட்டியை நம்பி இடத்தைக் குடுப்பியா? சரி, குடு. ஆனா ஆட்டத்துல ஒரு தடவை விழுந்தான்னா, ஒரே ஒரு தடவை, அன்னிக்கே அவன் மேல, நான் கீழ. எழுதி வெச்சுக்க"ன்னேன். எல்லாரும் சரின்னாங்க. ஜெயசீலனும் சரின்னான். "விழுந்தானா இல்லையான்னு யாருண்ணே சொல்றது?"ன்னு ஒருத்தன் கேட்டான். "இது என்னய்யா கேள்வி, அம்பயர்தான்"னேன். அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்கு அப்பறம்தான் உறைச்சுது, அம்பயர் நான்தான்னு.

சால்வை போட்டாங்க. ரஹமத்துல்லாவே பேசினான். என்ன பேசினான்னு காதுல விழலை. ஏணியில ஏறி உக்காந்தேன். மேலேர்ந்து பாத்தா எல்லாம் வழுக்கை வழுக்கையாத் தெரியுது, பந்து மட்டும் அங்கயும் இங்கயும் போகுது, என் கைக்கு வரவே மாட்டேங்குது. கண்ணுல தண்ணி வந்துடுச்சு சார். எனக்கு வந்தது சந்தோஷத் தண்ணி இல்ல.

அன்னிலேர்ந்து பதினஞ்சு நாள். நான் பந்தையே பாக்கலை. ஜெயசீலன் காலைத்தான் பாத்தேன். பந்து உள்ளயா வெளியயான்னு கேப்பாங்க, எனக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவை உள்ளன்னுவேன், ஒரு தடவை வெளியன்னுவேன். நம்ம ஆளுங்க சண்டை போட்டுக்குவாங்க. பேட்டை உறையில போட்டு ஏணிக்கு அடியிலயே சாத்தி வெச்சிருந்தேன். ஷூவோடதான் மேல ஏறுவேன். வீட்டுல சாமிகிட்ட நிக்கறப்ப, வாத்தியாருக்கு அடி எதுவும் படக் கூடாது, ஆனா விழணும்னு வேண்டிக்கிட்டேன். தையல்நாயகி காதுல விழுந்துடுச்சு. அன்னிக்கு எனக்கு விபூதி வெச்சுவிடலை.

பதினாறாம் நாள். முப்பத்தொண்ணுக்கு முப்பத்தொண்ணு. அந்தப் பக்கத்துக்காரன் பந்தை வலையோரமாச் சொட்டுன்னு போட்டான். ரெண்டடி பின்னால தள்ளி நின்ன ஜெயசீலன் பாய்ஞ்சு வர்றான். வந்து, பேட்டை நீட்டி, பந்து மண்ணைத் தொடறதுக்கு ஒரு விரக்கடை இருக்கறப்ப எடுத்துட்டான் சார். எடுத்து வலையைத் தாண்டிப் போட்டுட்டான். போட்ட வேகத்துல போனான் பாருங்க கீழ.

மைதானமே அப்படியே நின்னுடுச்சு. நான் நாற்காலியில எந்திரிச்சு நின்னுட்டேன். மொதல்ல எனக்கு வந்தது சந்தோஷம்தான். பொய் சொல்லி என்ன ஆகப் போகுது? சந்தோஷம் சார். என் இடம் எனக்கு வந்துடுச்சு. ரஹமத்துல்லா ஓடிப் போய்க் கையை நீட்டறான். ஜெயசீலன் வேண்டாம்னு தலையை ஆட்டினான். ஒருக்களிச்சுப் புரண்டான். நாலு கால்ல வந்தான். ஒரு பாதத்தை முன்னால ஊனினான். முட்டியில கையை வெச்சு, மெதுவா, யாரையும் பிடிக்காம மேல வந்து நின்னான்.

சட்டை பூரா செம்மண்ணு. முழங்கையில தோல் உரிஞ்சிருக்கு. மண்ணைத் தட்டலை. யாரையும் பாக்கலை, அண்ணாந்து என்னைத்தான் பாத்தான். கெஞ்சற பார்வை இல்ல. பரீட்சைத் தாளை நீட்டறப்ப பையன் நிப்பான்ல, அப்படி நின்னான். ஆனா கையில பேட்டை விடலை. அவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருந்தான்.

"வாத்தியார் விழுந்துட்டாருல்லண்ணே?"ன்னு ரஹமத்துல்லா கேக்கறான். ஒம்பது பேரும் என்னை அண்ணாந்து பாக்கறாங்க. என் பேட்டு கீழ இருக்கு. ஷூ கால்ல இருக்கு. ஆமான்னு ஒரு வார்த்தை.

"விழலை"ன்னேன்.

"என்னண்ணே சொல்றீங்க? சட்டையெல்லாம் மண்ணு!"

"பந்துக்குப் பாய்ஞ்சாரு. பாயறது வேற, விழறது வேற. பந்து அந்தப் பக்கம் போச்சா இல்லையா? போச்சு. யாராவது எடுத்தீங்களா? எடுக்கலை. பாயிண்ட் முப்பத்திரெண்டு. சர்வீஸைப் போடுங்கய்யா, வெயில் ஏறுது!"ன்னு விசிலை ஊதினேன். ஊதின ஊதுல விசில் உள்ள இருக்கற உருண்டையே தெறிச்சிருக்கும்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்காதீங்க. எனக்கே தெரியலை. வீட்டுக்கு வந்து என் தலையில நானே ரெண்டு போட்டுக்கிட்டேன். கையில வந்த இடம் சார்! தையல்நாயகிகிட்ட சொன்னேன், அவ ரெண்டு தோசை சேத்துப் போட்டா. ஜெயசீலன் தேங்க்ஸ் கூடச் சொல்லலை, தெரியுமா? ஆட்டம் முடிஞ்சதும் வந்து ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னான், நான் இறங்கறதுக்கு. "கையை எடுய்யா, எனக்கு இறங்கத் தெரியும்"னேன். எடுக்கலை.

நான் ஒண்ணும் ஓஞ்சு போயிடலை. பங்குனியில ரஹமத்துல்லா பொண்ணு வீட்டுக்கு துபாய் போறான், ஆறு மாசம். அவன் இடம் காலியாகும். பாஸ்போர்ட் தேதி பாத்தியா, விசா வந்துச்சான்னு தினம் நான்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். அதுக்குத்தான் இன்னிக்கு வந்தேன். கண்ணை மூடி நிக்கறது இப்ப நாப்பத்தஞ்சு செகண்ட் ஆயிடுச்சு, அடுத்தது என்னன்னு மெர்லின்கிட்ட கேக்கணும். தரையிலேர்ந்து எந்திரிக்கறதையும் ஒழுங்காக் கத்துக்கணும். ஜெயசீலன் தினம் சாயங்காலம் வந்து சொல்லிக்குடுக்கறான், ஆனா அவன் சொல்றதை நான் கேக்கறதா?

அந்தா வந்துடுச்சு மெர்லின். உங்களைத்தான் கூப்பிடுது, போங்க. பாத்து, அவசரமில்ல, ரெண்டு காலையும் ஊனி எந்திரிங்க. என்ன கேட்டீங்க? நெசமாவே விழலையான்னா?

விழுந்தான் சார். முட்டி, தோளு, மோவாய் எல்லாம் மண்ணுல. மேலேர்ந்து என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். நல்லாவே விழுந்தான்.